தூங்குகிற பிள்ளையின் கவனம்

பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. ஈரோட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, அதில் இரண்டாவது மாடி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், நான். தலையில் இருபத்தோரு வயர்களை ஒட்டி, தூங்கவைத்து, மூளை போடுகிற கோடுகளைத் திரையில் ஓடவிட்டு நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுலபமென்று நினைக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, தயிர்சாதம் வயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, இன்னொருவருடைய மூச்சு சீராக ஏறி இறங்குவதைக் கேட்டபடி விழித்திருப்பது ஒரு தனி வித்தை. பாதி விழிப்பில்தான் இருப்பேன். கண் திரையில் இருக்கும், நான் எங்கேயோ இருப்பேன், ஆனால் கோடு கொஞ்சம் பிசகினால் அந்த எங்கேயோவிலிருந்து உடனே திரும்பி வந்துவிடுவேன். இப்போது கட்டிலில் தூங்குகிறவள் சம்யுக்தா. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பது அவள் அம்மா பூங்கொடி. கண்ணை மூடியிருக்கிறாளே தவிரத் தூங்கவில்லை. தூங்குகிறவர்களுடைய விரல் இப்படிப் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்காது. அப்பா லோகநாதன் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கோபியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். மணி இரண்டு பத்துக்குப் பிள்ளை தூங்கினாள். இரண்டு ஐம்பதுக்கு எழுப்ப வேண்டும்.

எண்ணெய் வைக்காமல், தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டி வாருங்கள் என்று சீட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கிறோம். இருந்தும் பாதிப்பேர் எண்ணெய் வழிய வழியத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளையைப் பரட்டைத் தலையோடு எப்படிக் கூட்டிவருவது என்று கேட்பார்கள். இவர்கள் அப்படியில்லை. சீட்டில் இருந்ததையெல்லாம் சீட்டில் இருந்தபடியே செய்திருந்தார்கள். இரவு பன்னிரண்டு வரை தூங்கவிடக் கூடாது, விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிட வேண்டும், அப்போதுதான் இங்கே வந்து தூங்குவாள் என்று எழுதியிருக்கும். விழிக்கவைத்தது அப்பாவாம். கூடவே உட்கார்ந்து, கண் சொக்கும்போதெல்லாம் தட்டித் தட்டி வைத்திருந்தாராம். பஸ்ஸில்கூடத் தூங்கவிடவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பிள்ளைக்குப் பழக்கமான தலையணை வேண்டுமென்று வீட்டிலிருந்து அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், நீல உறையில் வாத்து போட்டது. தலையில் தடவுகிற பசை எரியுமா, கரண்டு பாயுமா என்று மூன்று தடவை கேட்டார். நான் டேப் வைத்து மண்டையை அளந்து சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தத் தலைக்கு மேலாகவே, அந்தத் தலைக்குக் காதே இல்லை என்பதுபோல என்னிடம் சொன்னார். "ஏதாச்சும் இருந்துதுன்னா வைத்தியம் பாத்துக்கலாமுங்க மேடம். ஒண்ணுமில்லைன்னா அப்பறம் திமிருதானுங்களே. திங்கக்கிழமை ஹாஸ்டல்ல சேத்தறதுக்குப் பேசி வெச்சாச்சு, நாமக்கல் பக்கம். ரெண்டே மாசத்துல நேராயிரும்னு சொன்னாங்க." என் விரலுக்குக் கீழே தலை ஒரு துளி அசையவில்லை. ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறாளே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். புள்ளி வைக்க வசதியாக இருந்தது.

இன்று வியாழன். பிள்ளை செய்த குற்றம் என்னவென்றால் வகுப்பில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். போர்டில் எழுதிப்போட்டதைப் பாதியில் விட்டுவிடுகிறாள். வாரத்துக்கு இரண்டு பென்சில் தொலைக்கிறாள். சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே மூளை பத்து விநாடி அணைந்து அணைந்து எரியும், வலிப்பில் அது ஒரு வகை, பார்க்கிறவர்களுக்குப் பகல்கனவு காண்கிற மாதிரி இருக்கும். அதுவா என்று பார்க்கத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவாக இருந்தால் காகிதக் காற்றாடியை மூன்று நிமிஷம் ஊதச் சொன்னாலே திரையில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும், மேலும் கீழும் சீராக, கோலமாவில் இழுத்த கோடு மாதிரி. சம்யுக்தா ஊதினாள். மூச்சு வாங்க, கன்னம் சிவக்க, அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று நிமிஷமும் நிறுத்தாமல் ஊதினாள். ஒன்றுமில்லை. வெளிச்சத்தை மின்னி மின்னிக் காட்டினேன். ஒன்றுமில்லை. தூக்கத்திலும் இதுவரை ஒன்றுமில்லை. இத்தனை சுத்தமான ரெக்கார்டு வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் இதைப் பார்த்து நார்மல் என்று ஒரு வார்த்தை எழுதுவார். வேறு பிள்ளையாக இருந்தால் இந்நேரம் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டிருப்பேன். இப்போது உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னக் கோளாறாவது வராதா என்று திரையைத் தேடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு வியாதி இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். என் புத்தி போகிற போக்கைப் பார்.

கோடுகள் வலமிருந்து இடமாக நகரவில்லை, இடமிருந்து வலமாகத்தான் நகர்கின்றன, ஆனால் ரொம்ப நேரம் பார்த்தால் அறைதான் நகர்கிற மாதிரி, கட்டிலும் பிள்ளையும் நானும் காவிரியில் பரிசலில் போகிற மாதிரி இருக்கும். பெயரும் வயதும் தெரியாமல் ஒரு ரெக்கார்டைக் காட்டினால், அலையை மட்டும் பார்த்து வயதைச் சொல்லிவிடுவேன். கைக்குழந்தையின் மூளை பெரிய பெரிய சோம்பல் அலைகளாகப் போடும், அவசரமே இருக்காது. மூன்று வயதில் விழித்திருக்கும்போது விநாடிக்கு ஏழு, எட்டு. இவள் வயதில் ஒன்பது. பெரியவர்களுக்குப் பத்து. வருஷத்துக்கு வருஷம் அலை கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிவரும், அவசரப்படுத்தினால் வராது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பாகம்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் வளர்ந்து முடியும், இருபது வயதுக்கும் மேலே ஆகும் என்று டாக்டர் ஒருதரம் பள்ளிக்கூட முகாமில் பேசினார். ஒன்றிலேயே மனதை வைத்திருப்பதும், வருகிற கோபத்தைப் பிடித்துக்கொள்வதும், அழுகையை நிறுத்தத் தெரிவதும் அங்கேதான் நடக்கிறதாம். அந்த வேலை முடிவதற்கு முன்னாலேயே அதை வைத்துக்கொண்டுதான் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது. எதற்கு அதிகம் பயன்படுத்துகிறோமோ அந்தப் பக்கம் மூளையில் பாதை அகலமாகும் என்றும், பயந்துகொண்டே வளர்கிற பிள்ளைக்குப் பயத்தின் பாதை அகலமாகிவிடும் என்றும் சொன்னார். பெற்றோர்கள் கைதட்டினார்கள். போண்டாவும் காபியும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த ஒரு அம்மா, காலணியை மாற்றிப் போட்டுக்கொண்ட தன் பையனின் காதைப் பிடித்துத் திருகினாள்.

தூக்கம் ஆழமாகிவிட்டது. கதிரில் நூல் சுற்றினாற்போல நடுவே தடித்து இரு ஓரமும் மெலிந்த சின்னச் சின்னக் கொத்துகள் வர ஆரம்பித்துவிட்டன. எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் இது வரும்போது எனக்கு இனிக்கும். பிள்ளை கரையை விட்டுப் போய்விட்டது, இனி யாரும் அதைக் கூப்பிட முடியாது என்று தோன்றும். அப்படியும் சொல்ல முடியாது. தூங்கும்போதும் மூளையில் ஒரு மூலை காவலுக்கு உட்கார்ந்திருக்கும். வெளியே சத்தம் கேட்டால், எழுந்திருக்க வேண்டிய சத்தமா இல்லையா என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடி திரையில் பெரிய அலையாக எழும்பி விழும். அது வந்தால் அந்த இடத்தில் என்ன சத்தம் கேட்டது என்று நான் தட்டிவைக்க வேண்டும். கதவு. இருமல். அம்மா புரண்டார். டாக்டர் அதை வேறு எதுவோ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டு பத்தொன்பதுக்கு ஒன்று வந்தது. என்ன சத்தம்? கீழே பஸ் ஏர்ஹாரன் அடித்தது, ஆனால் அது முன்னாலேயே அடித்து ஓய்ந்துவிட்டது. அப்புறம் என்ன? கதவுக்கு வெளியே ஒரு செருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்கிற சாதாரணச் செருமல், ம்க்கும் என்று. 'வெளியே செருமல்' என்று தட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

இரண்டு இருபத்தேழுக்குக் கரண்டு போய் ஜெனரேட்டர் அலறிக்கொண்டு கிளம்பியது. கட்டடமே அதிர்கிற சத்தம். பூங்கொடி கண்ணைத் திறந்து மூடினாள். பிள்ளையின் கோட்டில் ஒன்றுமில்லை. நூல்கொத்து, அமைதி, நூல்கொத்து. நடைபாதையில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள், அது உருண்டு சுற்றி ரொம்ப நேரம் கழித்து அடங்கியது. அதற்கும் ஒன்றுமில்லை. கட்டை மாதிரி தூங்குகிறாள், பாவம், ராத்திரித் தூக்கமெல்லாம் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன். இரண்டு முப்பத்தொன்றுக்கு அலை எழும்பியது. பெரியது, முதலில் வந்ததைவிடப் பெரியது. எனக்குச் சத்தமே கேட்டிருக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு மனதில் பின்னால் போய்ப் பார்த்தேன், ஒரு விநாடிக்கு முன்னால் என்ன இருந்தது என்று. இருந்தது. ஜெனரேட்டர் இரைச்சலுக்கு அடியில், இதோ இருக்கிறதா இல்லையா என்கிற அளவில், ம்க்கும். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அலறுகிற ஜெனரேட்டர் கேட்காத பிள்ளைக்கு அது கேட்டிருக்கிறது. என் மனம்தான் இல்லாததைப் பார்க்கிறதோ? இரண்டு தடவை நடந்ததெல்லாம் ஒரு கணக்கா? டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார், கோகிலா நீங்கள் கதை எழுதப் போகலாமே என்பார். சொந்தக்காரர்களின் சத்தத்துக்கு மூளை கொஞ்சம் கூடுதலாக நிமிரும், இதில் ஆச்சரியமில்லை, பெயரைச் சொன்னாலும் நிமிரும். ஆனால் அம்மா இருமினாளே. நடுவில் பூங்கொடி இரண்டு தரம் இருமினாள், காதுக்குப் பக்கத்திலேயே. அதற்கு ஏன் எழும்பவில்லை?

அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அது தெரிந்த சத்தம், பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத சத்தம். எந்தச் சத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. பவானியில் மூன்றாம் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஜோதிமணி டீச்சர் வாய்பாடு சொல்லித்தருகிறார். மூன்றரை மணி. எங்கள் அப்பா கண்டக்டர், அன்றைக்குக் காலை டூட்டி என்றால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். டிவிஎஸ் ஃபிஃப்டி சந்தில் திரும்புகிற சத்தம் வரும். வாசலில் நிற்கும். அதற்கப்புறம்தான் முக்கியம். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டால் நல்ல நாள், நிதானமாக இருக்கிறார், ஜிலேபிகூட வாங்கி வந்திருப்பார். சைடு ஸ்டாண்டை உதைத்துத் தள்ளுகிற சத்தம் வந்தால் அன்றைக்கு பஸ்ஸில் யாரோ வம்பு செய்திருக்கிறார்கள், அடுத்த அரைமணி நேரம் நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதனால் மூன்றரை மணிக்கே நான் வகுப்பிலிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடுவேன், உடம்பை மட்டும் பெஞ்சில் வைத்துவிட்டு. "கோகிலா, மறுபடியும் எங்க போயிட்ட?" என்பார் டீச்சர். வகுப்பே சிரிக்கும். கவனக்குறைவு என்று ரேங்க் கார்டில் எழுதினார்கள். ஏழாம் வாய்பாடு இன்று வரைக்கும் எனக்கு வரவில்லை. ஆனால் ஒரு சந்துக்கு அப்பால் வருகிற வண்டியின் மனநிலையை என்னால் சொல்ல முடியும். அத்தனை கவனத்தை அங்கே கொடுத்துவிட்ட பிள்ளையிடம் டீச்சருக்குக் கொடுக்க என்ன மிச்சமிருக்கும்? யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் மக்கு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொரு வயதாகிறது. இப்போதும் மேனேஜர் கதவைத் திறந்து "கோகிலவாணி, ஒரு நிமிஷம்" என்றால் போதும், வயிறு இறுகி நான் எட்டு வயதுக்குப் போய்விடுவேன். லீவு சாங்ஷன் ஆகிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார். வீட்டுக்காரர் டிவியில் கிரிக்கெட் பார்த்துச் சந்தோஷத்தில் கத்தினால்கூட என் கையிலிருந்து கரண்டி விழும். யாராவது அன்பாகப் பேசினால் எதற்கு என்று முதலில் சந்தேகம் வரும். அழ வேண்டிய இடத்தில் அழுகை வராது, மூன்று நாள் கழித்து வெங்காயக் கடையில் நிற்கும்போது வரும். இதெல்லாம் எந்த ரெக்கார்டிலும் வராது. என் தலையில் நானே ஒருதரம் வயர் ஒட்டிப் பார்த்திருக்கிறேன், புது மெஷின் வந்தபோது. நார்மல். அப்பா கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். எனக்கு டைபாய்டு வந்தபோது எட்டு நாள் டூட்டிக்குப் போகாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். இந்த லோகநாதனும் கெட்டவர் என்று முத்திரை குத்திவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் வாத்து போட்ட தலையணை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. கடையை மூடிவிட்டு இரண்டு பஸ் மாறி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

பேசாமல் இரு கோகிலா. டெக்னீஷியன் முடிவைச் சொல்லக் கூடாது. எங்கள் வேலையில் அதுதான் முதல் சட்டம். வயரை ஒட்டு, பார், எடு, டாக்டர் சொல்லுவார் என்று சொல், முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள். ஒரே ஒருதரம் மீறினேன், மூன்று வருஷத்துக்கு முன்னால். பெருந்துறைப் பையன், பத்து வயது, அவனும் இதே மாதிரிதான், எங்கேயோ பார்க்கிறவன். அவனுடைய அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க, நார்மல்தான் என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்த நினைப்பு எனக்கு. கதவு சாத்திய மறு விநாடி வெளியே பளாரென்று ஒரு அறை விழுந்தது. "ஒண்ணுமில்லையாமா! அப்ப இத்தன நாளா நடிச்சியா?" என்றாள் அந்த அம்மா. அவள் அழுதுகொண்டே அடித்தாள் என்பது குரலில் தெரிந்தது. நான் கையில் பசை துடைக்கிற பஞ்சோடு உள்ளே நின்றேன். நோய் இல்லை என்றால் குற்றம் இருக்கிறது என்று அர்த்தமாகும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து என் முகம் சுவர்தான். இந்த முறை நான் வாயைத் திறக்காவிட்டாலும் அதேதான் நடக்கும். ஆறு மணிக்கு அந்த ஒரு வார்த்தையைக் காகிதத்தில் கொடுப்பார்கள். திங்கட்கிழமை இந்தத் தலை, இப்போது என் பசை ஒட்டியிருக்கிற இந்தத் தலை, ஒரு நீள ஹாலில் அறுபது கட்டில்களுக்கு நடுவில் படுத்திருக்கும். அங்கே எத்தனை பேர் செருமுவார்கள். ஒவ்வொரு செருமலும் யாருடையது, என்ன மனநிலையில் இருக்கிறார் என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ரெண்டே மாசத்தில் நேராகிவிடும். ஆமாம், ஆகிவிடும். நானும் நேராகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

சொன்னால் என்னவென்று சொல்வாய்? உங்கள் பிள்ளை உங்களுக்குப் பயப்படுகிறாள் என்றா? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க மேடம் என்று கேட்பார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை வளர்க்காதவள் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டாள் என்று நினைப்பார்கள், நியாயம்தானே? பதினாறு வருஷத்தில் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள் இந்தக் கட்டிலில் தூங்கியிருப்பார்கள், அதெல்லாம் சேர்த்தியில்லை. இவ்வளவும் ஒரு செருமலை வைத்துக்கொண்டு நானே முடைந்ததாகவும் இருக்கலாம். என் அப்பாவின் வண்டியை இந்த மனிதரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறேனோ என்னவோ. இன்னும் ஒருதரம் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். யாரிடம் போட்டேன் என்று தெரியவில்லை. நூல்கொத்து. அமைதி. மணி இரண்டு நாற்பத்தாறு. வராது போலிருக்கிறது, வராவிட்டால் நல்லது, நான் பாட்டுக்கு வயரைக் கழற்றி, ஷாம்பு போட்டால் பசை போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஜெனரேட்டர் நின்றது. திடீரென்று அத்தனை நிசப்தம். அந்த நிசப்தத்தில் பெஞ்ச் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து நிற்கிறார், நான் திரையைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ம்க்கும். என் வயிறு இறுகியது. என்னுடையது. பிறகு திரையைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில்தான்.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். "உள்ள வாங்க. செருப்பு இருந்தாப் பரவால்ல, மெதுவா வாங்க" என்றேன். லோகநாதன் இருட்டுக்குக் கண் பழகாமல் கையை நீட்டிக்கொண்டு வந்தார். பூங்கொடி படுத்தபடியே கண்ணைத் திறந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, ரெக்கார்டைப் பின்னால் ஓட்டினேன். மெஷினைப் பற்றிப் பேசுகிற குரலில் பேசினேன். "இது பாருங்க, ஜெனரேட்டர் ஓடுன சத்தம். பாப்பாவுக்கு அது கேக்கவே இல்ல. இது தட்டு விழுந்தது. இதுவும் கேக்கல. இங்க பாருங்க, கோடு எப்பிடி எழும்புது. இது நீங்க வெளிய செருமுனது. இதுவும் நீங்கதான். இதுவும்." அவர் குனிந்து திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார். வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. "தூக்கத்துலயா?" என்றார். "தூக்கத்துலதான்." "நான் வெளிய இருந்தேனுங்களே." "கதவு சாத்தித்தான் இருந்துது." ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. சிரித்தார் அந்த மனிதர். கண்கூடக் கலங்கியிருந்தது. "பாத்தியா பூங்கொடி," என்றார் கிசுகிசுப்பாக. "இத்தன சத்தத்துல அப்பன் சத்தத்த மட்டும் தேடுது பாரு. என்ற மேல அவ்வளவு பாசம் போல." பூங்கொடி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாசம் என்றே இருக்கட்டுமே என்று நினைத்தேன். அந்த நினைப்பிலாவது ஹாஸ்டல் நின்றுபோகுமென்றால் எந்தப் பெயராக இருந்தால் என்ன. பொய்யும் இல்லையே. நான் அப்பாவின் வண்டிக்குக் காத்திருந்ததில் பாசம் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியுமா? அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜிலேபிக்கும் சேர்த்துத்தான் காத்திருந்தேன்.

மணி இரண்டு ஐம்பது. எழுப்ப வேண்டும். "நானே எழுப்பறனுங்க" என்று லோகநாதன் கட்டிலுக்குப் போனார். அவர் அப்படிப் பூப்போலக் கையை வைத்து அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டிருப்பாரா இதற்கு முன்னால், தெரியவில்லை. பஞ்சுமாதிரி தொட்டார். "சம்மு. கண்ணு." ஒரு நொடிகூட ஆகவில்லை. இருபத்தோரு வயர்களோடும் பிள்ளை விருட்டென்று எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, ஒரு கன்னம் தலையணையின் மடிப்பு பதிந்து சிவந்திருந்தது. எதிரில் யாரென்று தெரிந்ததும் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு சொன்னாள். "நான் தூங்கலீங்கப்பா." குரல் தெளிவாக இருந்தது, அழுகை இல்லை, வகுப்பில் பதில் சொல்கிற குரல். "சும்மா கண்ண மூடியிருந்தேன். தூங்கவே இல்லீங்கப்பா."

அவர் கை அந்தரத்தில் நின்றது. தோளிலிருந்து எடுத்துவிட்டார், ஆனால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அங்கே விழித்த மூளையின் கோடுகள் காடாக, கிறுக்கலாக ஓடிக்கொண்டிருந்தன. "தூங்குறதுக்குத்தான் சாமி கூட்டியாந்தோம்" என்றார். பிள்ளைக்குப் புரியவில்லை. இது சோதனையா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பூங்கொடி எழுந்து உட்கார்ந்தாள். போர்வையின் ஓரத்தை இன்னும் விடவில்லை. "ஏனுங்க," என்றாள் கணவனிடம், சாதாரணமாக, கடைத்தெருவில் கேட்கிற மாதிரி. "போற வழியில ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கோணும்னீங்களே. எங்க வாங்கறது?" வருஷக்கணக்கில் எதிர்த்து ஒன்றும் கேட்காதவள் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. லோகநாதன் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார், பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் அதன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாமென்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், அடுத்தாப்புல ஆள் இருக்காங்களா? இல்லைன்னா இன்னுங் கொஞ்ச நேரம் இவ இங்கயே தூங்கட்டுங்களா? நான் கீழ போயிர்றேன். பஸ் ஸ்டாண்டுல இருக்கறேன்."

மூன்று மணிக்கு ஒரு பிள்ளை, நாலு மணிக்கு இன்னொன்று என்று நோட்டில் எழுதியிருந்தது. "யாரும் இல்லீங்க" என்றேன்.